ஹேண்ட்ஷேக்கை எஸ்.டி.ஜி.யில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளாக் இல்லாத சர்க்யூட்டில் ஒரு பிளாக் ரெக் சிக்னலை உயர்த்திக் கேட்கும், அடுத்த பிளாக் ஆக் சிக்னலை உயர்த்திப் பதில் சொல்லும். அப்புறம் ரெக் இறங்கும், ஆக் இறங்கும். ஹேண்ட்ஷேக் எனப்படும் இந்த நாலு கட்டப் பேச்சைத் தாளில் எழுதும் முறைதான் சிக்னல் டிரான்சிஷன் கிராஃப், சுருக்கமாக எஸ்.டி.ஜி. ரெக்+ என்றால் ஏறுகிறது, ரெக்− என்றால் இறங்குகிறது. எதற்குப் பிறகு எது என்பதை அம்பு சொல்லும். இப்போது எங்கே நிற்கிறோம் என்பதை டோக்கன் சொல்லும். கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் முன்வைத்த, நிகழ்வுகளை அம்பாலும் டோக்கனாலும் காட்டும் பெட்ரி நெட்தான் இதற்கு அடிப்படை. 1980-களில்தான் அது சர்க்யூட் வேலைக்கு இந்த வடிவத்தில் வந்தது.

சேலத்தில் இ.சி.இ. இறுதியாண்டுப் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு வரைந்துகொண்டு வரும் படங்களில் நான் முதலில் பார்ப்பது, இன்புட் சிக்னலை நோக்கிப் போகும் அம்புகளைத்தான். அவுட்புட்டை நோக்கிப் போகும் அம்பு நம் கடமை. அதை நிறைவேற்ற கேட் வைப்போம். இன்புட்டை நோக்கிப் போகும் அம்போ எதிர்ப்பக்கம் நமக்குத் தந்த வாக்கு. அந்த வாக்கு தரப்படாதபோது நாம் அம்பு வரைந்துவிட்டால் அது நடந்துவிடாது. ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் நாம் ஹாரன் அடிக்கலாம், எதிரே வருகிறவரின் பிரேக் நம் காலில் இல்லை. நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

டேட்டாஷீட்டில் உள்ள வேவ்ஃபார்மை (சிக்னல்கள் ஏறி இறங்கும் நேர வரைபடத்தை) பார்த்து அப்படியே எஸ்.டி.ஜி. வரைவது அதில் ஒன்று. வேவ்ஃபார்ம் காட்டுவது ஒரு முறை நடந்த வரிசையை மட்டுமே. அதில் ஒரு இன்புட் இன்னொன்றுக்கு முன்னால் ஏறியிருந்தால், அது காரணமாக இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். தற்செயலுக்கு அம்பு போட்டால், வரிசை மாறி வரும் நாளில் சர்க்யூட் தடுமாறும்.

அடுத்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் ரெக்1 வருகிறது. நாம் வலப்பக்கம் ஒரு முழு ஹேண்ட்ஷேக்கை முடித்துவிட்டு, அதன் பிறகே ஆக்1 தருகிறோம். ரெக்1, ஆக்2 இரண்டும் இன்புட். ஆக்1, ரெக்2 இரண்டும் அவுட்புட். வரிசை இது:

ரெக்1+ → ரெக்2+ → ஆக்2+ → ரெக்2− → ஆக்2− → ஆக்1+ → ரெக்1− → ஆக்1−

பார்க்க ஒரு குறையும் இல்லை. ஏறியது இறங்குகிறது, சுற்று மூடுகிறது. ஆனால் எஸ்.டி.ஜி.யைச் சர்க்யூட்டாக மாற்றும் டூல் ஏற்கவில்லை என்று ஒரு மாணவி இதைக் கொண்டுவந்தார். "ஏம்மா, ஒவ்வொரு படிக்கும் நாலு சிக்னலோட மதிப்பையும் பக்கத்துல எழுது" என்றேன். ரெக்1, ஆக்1, ரெக்2, ஆக்2 என்ற வரிசையில் எழுதிக்கொண்டே போனவர் நடுவில் நிறுத்தி, "சார், ரெண்டு இடத்துல 1000 வருது" என்றார். அதுதான் சிக்கல். ரெக்1+ முடிந்ததும் 1000. அங்கே ரெக்2 ஏற வேண்டும். ஆக்2− முடிந்ததும் அதே 1000. இங்கே ஆக்1 ஏற வேண்டும். கேட்டுக்குத் தெரிவது இந்த நாலு பிட் மட்டும்தான். வலப்பக்க வேலை முடிந்ததா, இன்னும் தொடங்கவே இல்லையா என்று அது எதை வைத்து முடிவு செய்யும்? இதைத்தான் சி.எஸ்.சி. (கம்ப்ளீட் ஸ்டேட் கோடிங்) மோதல் என்கிறோம். பெட்ரிஃபை போன்ற டூல்கள் இதைக் கண்டுபிடித்துவிடும், சரிசெய்தும் தரும். ஆனாலும் ஒரு முறையாவது கையால் எழுதிப் பார்க்காமல் டூலிடம் போகாதீர்கள்.

தீர்வு, நினைவு வைத்துக்கொள்ள எக்ஸ் என்று ஓர் உள் சிக்னல் சேர்ப்பது. இங்கேதான் மறுபடி சறுக்குகிறார்கள்: எக்ஸ்+ நிகழ்வை ரெக்2+, ஆக்2+ இரண்டுக்கும் நடுவில் செருகிவிடுவார்கள். அப்படிச் செய்தால் 'எக்ஸ் ஏறும்வரை ஆக்2 காத்திருக்கும்' என்று எழுதியதாகிறது. எதிர்ப்பக்கத்துக்கு நம் எக்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது, அது எப்படிக் காத்திருக்கும்? உள் சிக்னலை எப்போதும் நம் அவுட்புட்டுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். எக்ஸ்+ நிகழ்வை ஆக்2+ முடிந்து ரெக்2− வருவதற்கு முன்னாலும், எக்ஸ்− நிகழ்வை ரெக்1− முடிந்து ஆக்1− வருவதற்கு முன்னாலும் வையுங்கள். இப்போது எக்ஸையும் சேர்த்தால் ஒவ்வொரு படிக்கும் தனி பிட் வரிசை. சர்க்யூட்டும் அழகாக விழுகிறது: ரெக்1 உயர்ந்து எக்ஸ் தாழ்ந்திருந்தால் ரெக்2 உயரும், எக்ஸ் உயர்ந்து ஆக்2 தாழ்ந்திருந்தால் ஆக்1 உயரும். எக்ஸ், ரெக்1-ஐயும் ஆக்2-ஐயும் பார்க்கும் ஒரு மல்லர் சி-எலிமென்ட். இரண்டும் 1 ஆனால் 1, இரண்டும் 0 ஆனால் 0, மற்ற நேரத்தில் பழைய மதிப்பு.

டோக்கன் விஷயம் சின்னது, ஆனால் விட்டுவிடுவார்கள். மேலே உள்ள சுற்றில் தொடக்க டோக்கன் ஆக்1−, ரெக்1+ இடையிலான அம்பில் இருக்க வேண்டும். போடாமல் விட்டால் எதுவும் நகராது. அதே போல, இரண்டு கட்ட ஹேண்ட்ஷேக்கை (அதில் ஏற்றமோ இறக்கமோ, எந்த மாற்றமும் ஒரு செய்தி) மனதில் வைத்துக்கொண்டு +, − குறிகளைப் பாதி மட்டும் எழுதாதீர்கள். ஏறிய சிக்னல் இறங்காமல் மறுபடி ஏற முடியாது.

கடைசியாக, போட்டி. ஒரு மெமரியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு டோக்கனிலிருந்து, அனுமதி தரும் கிராண்ட்1+, கிராண்ட்2+ இரண்டுக்கும் அம்பு போட்டு, எதாவது ஒன்று நடக்கட்டும் என்று விடுகிறார்கள். இரண்டும் அவுட்புட் என்றால், ஒன்று ஏறத் தொடங்கும்போதே மற்றது அதை ரத்து செய்யும். சாதாரண கேட்டில் அது கிளிட்சாக, அதாவது அரைகுறைத் துடிப்பாக, வெளியே வரும். இந்த முடிவை எடுக்க மியூடெக்ஸ் என்ற தனி எலிமென்ட் இருக்கிறது. அதை நம் படத்துக்கு வெளியே எடுத்துவைத்து, நம் ரெக் அதற்குப் போவதாகவும் கிராண்ட் அதிலிருந்து வருவதாகவும் எழுதுங்கள். அப்போது கிராண்ட்1, கிராண்ட்2 இரண்டுமே நமக்கு இன்புட் ஆகிவிடுகின்றன, தேர்வு எதிர்ப்பக்கத்தின் வேலையாகிவிடுகிறது.