தேர்தல் வரைபடம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் முழுவதும் ஒரே நாடாளுமன்றத் தொகுதி. பரப்பளவு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 37,000-ஐக்கூட எட்டவில்லை. டொராண்டோ நகரின் நடுவே இருக்கும் டொராண்டோ சென்டர் தொகுதியில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள். ஆனால் நாட்டு வரைபடத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு தொகுதிக்கும் தலா ஒரு எம்.பி.தான்.

நில எல்லையை அப்படியே வரைந்து வென்ற கட்சியின் வண்ணத்தைப் பூசினால், நுனாவுட்டில் ஜெயித்த கட்சி கனடாவில் பெரும்பங்கைப் பிடித்துவிட்டதுபோல் தெரியும். போதாக்குறைக்கு, இணைய மேப்கள் பெரும்பாலும் உருண்டையான பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் மெர்கேட்டர் முறையில் வருகின்றன. அது துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டும். தேர்தல் வரைபடங்களில் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு இதுதான்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே அளவு அறுகோணம் என்று வரைவது நல்ல மாற்று. பிரிட்டன் ஊடகங்களில் இது சகஜமாகிவிட்டது. என்ன, அதில் தன் ஊர் எங்கே என்று வாசகர் திணறுவார். அதனால் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவதே சரி என்பேன்.

அடுத்தது, வென்றவரின் வண்ணத்தை மட்டும் காட்டுவது. 2015 பிரிட்டன் தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56-ஐ ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி வென்றது. வரைபடம் ஏறக்குறைய முழுக்க அதன் வண்ணமான மஞ்சள். அந்தக் கட்சி வாங்கிய வாக்கோ சுமார் 50 சதவீதம். ஏறத்தாழ 24 சதவீதம் வாங்கிய தொழிற்கட்சிக்கும், 15 சதவீதம் வாங்கிய கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் தலா ஒரே இடம். யாருக்கு எத்தனை இடம் என்று கேட்டால் அந்த மஞ்சள் பொய் சொல்லவில்லை. ஸ்காட்லாந்து மக்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்டால், வாக்களித்தவர்களில் பாதிப் பேரை அது மறைத்துவிடுகிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2016-இல் மிச்சிகன் மாநிலத்தில் டிரம்ப் வென்றது 10,704 வாக்கு வித்தியாசத்தில். பதிவானவை சுமார் 48 லட்சம். வயோமிங் மாநிலத்தில் அவர் 46 சதவீதப் புள்ளிகள் முன்னால் இருந்தார். இரண்டுக்கும் ஒரே அடர் சிவப்பு என்றால் எப்படி? வாக்கு வித்தியாசத்துக்கு ஏற்ப வண்ணத்தை அடர்த்தியாகவும் வெளிறியும் காட்ட வேண்டும். அதிலும் கவனம் தேவை. 10 சதவீத வித்தியாசத்திலேயே கடைசி அடர்நிறம் தொடங்கினால், சாதாரண வெற்றிகளும் அலைபோல் தெரியும்.

சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். வண்ணக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். வண்ண விளக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு என்பதே 2000 தேர்தலுக்குப் பிறகு நிலைத்த வழக்கம். 1980-இல் என்பிசி தொலைக்காட்சி அந்தக் கட்சியின் ரீகன் வென்ற மாநிலங்களை நீலத்தில் காட்டியது.

வாக்கு எண்ணும் இரவில் செய்யும் தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2020-இல் பென்சில்வேனியாவில் தேர்தல் நாளுக்கு முன்பே தபால் வாக்கு உறைகளைப் பிரித்துத் தயார் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. அவற்றை எண்ணி முடிக்கத் தாமதமானது. அன்றிரவு டிரம்ப் முன்னிலையில் இருந்தார். கடைசியில் பைடன் சுமார் 80,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். முன்னிலைக்கே முழு வண்ணம் பூசிவிட்டால், பிறகு அது மாறும்போது ஏதோ தில்லுமுல்லு நடந்ததாகச் சிலர் நம்பிவிடுவார்கள். முன்னிலையைக் கோடுபோட்ட வண்ணத்திலும் வெற்றியை முழு வண்ணத்திலும் காட்டுங்கள். எத்தனை சதவீதம் எண்ணப்பட்டது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அப்புறம், எல்லை மாற்றம். பிரிட்டன் 2024 தேர்தலைப் புதிய தொகுதி எல்லைகளில் நடத்தியது. பெயர் அதேதான் என்பதற்காக 2019 முடிவோடு அப்படியே ஒப்பிட்டு ஏற்ற இறக்க வரைபடம் போட முடியாது. பழைய வாக்குகளைப் புதிய எல்லைக்கு மதிப்பிட்டுப் பிரித்த பிறகே ஒப்பிட வேண்டும். அது மதிப்பீடுதான் என்பதையும் படத்தின் கீழே குறிப்பிட வேண்டும்.