மெயில் பாஸ்வேர்டை விடாமல் கேட்கிறதா? சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

"அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது", "போனில் மெயில் வரவில்லை", "நேற்று ஓடிய பாஸ்வேர்டு இன்று தப்பு என்கிறது." ஒரே நேரத்தில் பத்துப் பேர் இப்படிச் சொன்னால் பழுது பெரும்பாலும் மெயில் சர்வரில் இருக்காது. பாஸ்வேர்டைச் சரிபார்த்து "இவர் நம்ம ஆள்தான்" என்று சொல்லும் ஆதென்டிகேஷன் சர்வரில் இருக்கும்.

சிறிய, நடுத்தர அலுவலகங்களில் அடிக்கடி காணும் ஓர் அமைப்பையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் கணினி ஒன்றில் மெயிலை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல் பெட்டியைத் திறந்து காட்ட டவ்காட். பயனர் பட்டியலும் பாஸ்வேர்டும் இன்னொரு கணினியில், ஆக்டிவ் டைரக்டரியில். நீங்கள் பாஸ்வேர்டு தந்ததும் டவ்காட் எல்டேப் (பயனர் பட்டியலைக் கேட்டறியும் நெட்வொர்க் மொழி) வழியாக ஆக்டிவ் டைரக்டரியைக் கேட்கும். அங்கிருந்து பதில் வராவிட்டால் கதவு திறக்காது.

படி 1: எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்

இப்படிப்பட்ட நேரத்தில் மேலாளர் மட்டும் "எனக்கு நல்லாத்தானே ஓடுது" என்பார். அவர் சொல்வது உண்மைதான். காலையிலேயே லாக்இன் ஆனவரின் இணைப்பு அறுபடும் வரை யாரும் மறுபடி பாஸ்வேர்டு கேட்பதில்லை. புதிதாக நுழைபவர்தான் வெளியே நிற்கிறார். இந்த நிலையில் டவ்காட்டை ரீஸ்டார்ட் செய்தால் உள்ளே இருந்தவர்களும் வெளியே வந்துவிடுவார்கள். சரிபார்த்த பாஸ்வேர்டுகளை டவ்காட் தற்காலிகமாக நினைவில் வைக்கும் கேஷ் இருந்தால் அதுவும் போய்விடும். பத்துப் பேரின் பிரச்சினை நூறு பேருடையதாகும்.

"பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள்" என்றும் யாரிடமும் சொல்லாதீர்கள். மாற்றியவரின் போனில் பழைய பாஸ்வேர்டுதான் இருக்கும். சர்வர் மீண்டதும் போன் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக் கணக்கைப் பூட்டிவிடக்கூடும். ஒரு பழுதைச் சரிசெய்யப் போய் இரண்டாவது பழுதை நாமே உண்டாக்கியிருப்போம்.

படி 2: பிழை எண்ணைப் படியுங்கள்

தொடக்கத்தில் பலரும் தாண்டிப் போகும் இடம் இதுதான், ஆனால் பாதி வேலை இங்கேயே முடிகிறது. பயனரின் திரையை நம்ப வேண்டாம். பாஸ்வேர்டு தப்பானாலும் சர்வர் செத்தாலும் பல மென்பொருள்கள் அதே பாஸ்வேர்டு பெட்டியைத்தான் காட்டும். சர்வரின் லாகை, அதாவது நடப்பதைப் பதிவு செய்யும் கோப்பை, திறந்து பாருங்கள். டெபியன், உபுண்டுவில் அது வார்-லாக் கோப்புறைக்குள் மெயில்-லாக் (mail.log) என்ற பெயரில் இருக்கும். ரெட் ஹேட் குடும்பத்தில் அதே பெயர், நடுவில் புள்ளி இல்லாமல்.

மெயில் அனுப்பும்போது 535 வந்தால் "கேட்டேன், பாஸ்வேர்டு தப்பு என்றார்கள்" என்று பொருள். 454 வந்தால் "கேட்கப் போனேன், பதில் சொல்ல ஆளில்லை." பெட்டியைத் திறக்கும்போதும் இப்படித்தான்: ஆதென்டிகேஷன் ஃபெயில்டு என்றால் முதல் வகை, அன்அவெய்லபிள் என்றால் இரண்டாவது. ஒருவருக்கு மட்டும் 535 என்றால் அது அவர் பிரச்சினை. எல்லோருக்கும் 454 என்றால் அடுத்த படிக்குப் போங்கள். எல்லோருக்கும் திடீரென்று 535 வந்தாலும் போங்கள். நூறு பேர் ஒரே காலையில் பாஸ்வேர்டை மறக்க மாட்டார்கள்.

விபிஎன், வைஃபை, கோப்புப் பகிர்வு இவற்றிலும் லாக்இன் நடக்கவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவையும் அதே ஆக்டிவ் டைரக்டரியை நம்பியிருந்து, அவையும் நின்றிருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

படி 3: மெயில் சர்வரிலிருந்து வழியைச் சோதியுங்கள்

உங்கள் லேப்டாப்பிலிருந்து சோதித்துப் பயனில்லை. மெயில் சர்வருக்குள் நுழைந்து அங்கிருந்தே பாருங்கள்.

முதலில் பெயர். ஆதென்டிகேஷன் சர்வரின் பெயரைத் தந்தால் ஐபி முகவரி கிடைக்கிறதா? பல அலுவலகங்களில் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் அதே டொமைன் கன்ட்ரோலரில்தான் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் கணினியில்தான்) ஓடும், ஆகவே அது விழும்போது இரண்டும் சேர்ந்தே விழும்.

அப்புறம் போர்ட், அதாவது ஒரு சேவைக்கான வாசல் எண். சாதாரண எல்டேப்புக்கு 389, மறையாக்கம் செய்ததற்கு 636. இணைப்பு உடனே மறுக்கப்பட்டால் கணினி உயிரோடு இருக்கிறது, சேவைதான் ஓடவில்லை (நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் மறுப்பதும் உண்டு). பதிலே இல்லாமல் நேரம் கடந்தால் கணினி அணைந்திருக்கும், அல்லது நடுவில் ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது.

636 திறந்திருந்தும் இணைப்பு நிலைக்கவில்லை என்றால் மறையாக்கத்துக்கு அந்த சர்வர் காட்டும் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் எஸ்-கிளையன்ட் கட்டளை அதைக் காட்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் என் சந்தேகம் நேராக சர்வீஸ் அக்கவுன்ட் மீதுதான் போகும். பயனரைத் தேடுவதற்கு முன் டவ்காட்டும் தன் பங்குக்கு ஒரு கணக்கில் லாக்இன் ஆக வேண்டும். அந்தக் கணக்கை உருவாக்கியவர் "பாஸ்வேர்டு காலாவதியாகாது" என்ற கட்டத்தை டிக் செய்ய மறந்திருந்தால்? ஆக்டிவ் டைரக்டரியின் இயல்பு விதிப்படி ஒரு பாஸ்வேர்டின் ஆயுள் 42 நாள். ஆறு வாரம் ஒழுங்காக ஓடிவிட்டு, யாரும் எதையும் தொடாத ஒரு நாளில் எல்லாம் நிற்கும். இதற்கான தடயம் லாகில் இருக்கும்: எல்டேப் பிழை 49, கூடவே ஒரு துணை எண். 532 என்றால் பாஸ்வேர்டு காலாவதி, 533 என்றால் கணக்கு முடக்கம், 775 என்றால் கணக்குப் பூட்டு. துணை எண்ணைப் பார்க்காமல் 49-ஐ மட்டும் பார்த்துவிட்டு நெட்வொர்க் ஆட்களைக் கூப்பிடாதீர்கள்.

கெர்பரோஸ் (நேரம் குறித்த டிக்கெட் தந்து ஆளைச் சரிபார்க்கும் முறை) பயன்படுத்துபவர்கள் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு சர்வர்களின் நேரமும் இயல்பாக 5 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. நிறுத்திவைத்து மறுபடி ஓட்டிய மெய்நிகர்க் கணினிகளில் (நிஜக் கணினிக்குள் மென்பொருளாக ஓடுபவை) இது அடிக்கடி நடக்கும்.

படி 4: வெளியிலிருந்து வரும் மெயிலைக் காப்பாற்றுங்கள்

லாக்இன் பிரச்சினையில் மூழ்கி எல்லோரும் மறப்பது இதை. போஸ்ட்ஃபிக்ஸும் "இப்படி ஒரு முகவரி இருக்கிறதா?" என்று எல்டேப்பைக் கேட்கிறது என்றால், பதில் கிடைக்காதபோது அது 451 சொல்லும், அதாவது "அப்புறம் வா." அனுப்பிய சர்வர் மெயிலை வரிசையில் வைத்து மறுபடி முயலும், போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் 5 நாள் வரை. ஆக, மெயில் தாமதமாகும், தொலையாது.

ஆபத்து 550-இல்தான். "அப்படி ஒரு ஆளே இல்லை" என்று அர்த்தம். சில இடங்களில் ஒரு ஸ்கிரிப்ட் ஆக்டிவ் டைரக்டரியிலிருந்து முகவரிப் பட்டியலை எடுத்துக் கோப்பில் எழுதும். அந்த நேரம் சர்வர் செத்திருந்தால் வெற்றுக் கோப்பு எழுதப்பட்டு, ஊழியர் எல்லோருமே "இல்லாதவர்" ஆகிவிடுவார்கள். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2020 டிசம்பர் 14 அன்று பயனர் அடையாளச் சேவைக்கான ஒதுக்கீட்டுக் கோளாறால் கூகுள் லாக்இன் 47 நிமிடம் நின்றது. ஆனால் அதையொட்டி வேறொரு கோளாறில் ஜிமெயில் சரியான முகவரிகளுக்கே 550 சொன்னதுதான் அதிகத் தொல்லை, ஏனென்றால் அந்த மெயில்கள் அனுப்பியவருக்கே திரும்பிவிட்டன.

உங்கள் லாகில் 550 வரிசையாக ஓடினால் போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸ் அமைப்பை இயக்கி ரீலோட் கொடுங்கள். 5-இல் தொடங்கும் நிரந்தர மறுப்புகளைத் தற்காலிகமானவையாக மாற்றிவிடும். பழுது நீங்கியதும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

படி 5: சரியானதும் செய்ய வேண்டியவை

ஒரே ஒரு சோதனைக் கணக்கை வைத்துப் பாருங்கள். டவ்காட்டோடு வரும் டவ்அட்ம் கருவியில் ஆத் டெஸ்ட் கட்டளை இதற்கென்றே உள்ளது. அது வெற்றி என்றால் பூட்டப்பட்ட கணக்குகளைத் திறந்து, வரிசையில் நிற்கும் மெயிலை விடுவியுங்கள்.

அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு எல்டேப் சர்வரின் பெயர்தான் இருக்கிறதா? இரண்டாவதையும் சேருங்கள், இரண்டும் ஒரே கணினிக்குள் ஓடும் மெய்நிகர்க் கணினிகளாக இல்லாமல். கண்காணிப்பில் போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், சோதனைக் கணக்கு நிஜமாகவே லாக்இன் ஆகிறதா என்று சில நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கச் செய்யுங்கள். அந்த எச்சரிக்கையை எஸ்எம்எஸ்ஸில் வர வையுங்கள்; மெயிலில் வர வைத்திருக்கும் அலுவலகங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன.