ஊருக்குப் போகிறீர்களா? காரை இறுக்கி மூடி வைக்காதீர்கள்

மனைவியின் பிரசவத்துக்காக ஒரு டிசம்பர் முதல் வாரம் கும்பகோணம் போனவன், பொங்கல் எல்லாம் முடிந்து பிப்ரவரியில்தான் சிங்கப்பூர் திரும்பினேன். அங் மோ கியோவில் எங்கள் புளோக்குக்குக் கீழே, தூங்குமூஞ்சி மரத்தடியில், கார் ஒன்பது வாரம் நின்றது. மனைவியும் குழந்தையும் ஊரிலேயே இருந்தார்கள். நான் மட்டும் தனியாக வந்து, குழந்தையின் பவுடர் வாசனை சட்டையை விட்டுப் போவதற்கு முன்பே காரின் கவரை உருவிக் கதவைத் திறந்தேன். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த போர்வையை மடித்துப் பரணில் போட்டு, நாலு மாதம் கழித்து எடுத்தால் ஒரு வாடை வருமே, அது முகத்தில் அடித்தது. அப்புறம்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்டீயரிங் முழுக்க விபூதி பூசியது போல வெள்ளை. சீட் பெல்ட்டில் பச்சைப் புள்ளிகள். குழந்தைக்கென்று வாங்கி, ஒரு நாள்கூடப் பயன்படுத்தாத கார் சீட்டில் சாம்பல் நிறத்தில் பூனை முடி போல ஏதோ முளைத்திருந்தது.

எல்லாம் பூஞ்சை. உள்பக்கத்தைச் சுத்தம் செய்ய 520 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஏசி கழுவ 120, புது பேட்டரி 190. இதில் ஒரு பட்டறைக்காரர் கூரைத் துணியையே மாற்ற வேண்டும் என்று தனியாக 900 கேட்டார். கும்பிடு போட்டுவிட்டு வேறு பட்டறைக்குப் போனேன். இங்கே புதிதாக வந்து, கஷ்டப்பட்டு ஒரு காரும் வாங்கிவிட்டு, முதல் முறையாக நீண்ட விடுமுறைக்குக் கிளம்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காகித வேலைகளை முதலில் முடித்துவிடலாம், பெரிதாக ஒன்றும் இல்லை. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சாலை வரி கட்டியே ஆக வேண்டும். அதைப் புதுப்பிக்கக் காப்புறுதி நடப்பில் இருக்க வேண்டும். கார் மூன்று வயதைத் தாண்டியிருந்தால் பத்து வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆய்வும் உண்டு. பணத்தை ஊரிலிருந்து இணையத்தில் கட்டிவிடலாம். ஆய்வுக்கு வண்டி நேரில் போயாக வேண்டும், அதனால் நீங்கள் ஊரில் இருக்கும் நாட்களில் அது வந்து விழுகிறதா என்று டிக்கெட் போடுவதற்கு முன்பே பாருங்கள். வங்கியின் ஓடிபி இந்த ஊர் எண்ணுக்குத்தான் வரும், சிம்மைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மாதக் கட்டணம் கட்டும் சீசன் பார்க்கிங்கும் நடுவில் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் மனதை அறுக்கும். சிஓஇ என்பது இங்கே கார் வைத்திருக்கக் காசு கொடுத்து வாங்கும் பத்து வருட உரிமைச் சான்றிதழ். ஒரு லட்சம் வெள்ளி கொடுத்து வாங்கியிருந்தால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 27 வெள்ளி. கார் மரத்தடியில் தூங்கினாலும் அது கரைந்துகொண்டே இருக்கும். ஒன்பது வாரத்துக்கு 1,700 வெள்ளி, அதுவும் பூஞ்சை வளர்க்க!

சரி, நான் செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். என் மைத்துனர் மாண்ட்ரியலில் இருக்கிறார். பதினைந்து வருடமாக அங்கே கார் வைத்திருப்பவர், கையால் வேலை செய்யத் தெரிந்தவர். இரண்டு மாதம் காரை நிறுத்தப் போகிறேன் என்றதும் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலே அனுப்பிவிட்டார். அந்த ஊரில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டக்கூடாது, சட்டமே அப்படி. சாலையில் உப்புக் கொட்டுவார்கள், அது அடிப்பாகத்தை அரித்துவிடும். அதனால் செல்லமாக வளர்க்கும் இரண்டாவது காரை நவம்பரில் கராஜுக்குள் தள்ளி ஏப்ரலில்தான் வெளியே எடுப்பார்களாம். உப்புப் போக நன்றாகக் கழுவு, டாங்கை நிரப்பிப் பெட்ரோல் கெடாமல் இருக்க மருந்து ஊற்று, குளிர்விப்பு நீர் உறையாமல் இருக்குமா என்று சோதி, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வை, எலி புகாமல் புகைக்குழாயை அடை, காற்று வரும் வழிகளை எல்லாம் மூடு, கடைசியில் கவரைப் போட்டுக் கட்டு.

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை, அவர் ஊருக்கு. மைனஸ் இருபதில் காற்றில் ஈரம் தங்காது, பூஞ்சையும் எழுந்திருக்காது. அங்கே என் தங்கை இட்லிமாவைப் புளிக்க வைக்க ஓவனுக்குள் விளக்கைப் போட்டு ராத்திரி முழுக்க வைக்கிறாள். இங்கே எங்கள் சமையலறை மேடையில் அதே மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வழிகிறது. ராத்திரியிலும் 25 டிகிரி, விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், போதாக்குறைக்கு டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை. நம் ஊரிலாவது கார்த்திகை மழை விட்டால் தை வெயில் எல்லாவற்றையும் காய வைத்துவிடும். இங்கே எதுவும் தானாகக் காயாது.

அன்றைக்கு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். விமானம் நள்ளிரவு. சாயங்காலம் ஆறு மணிக்குக் காரைக் கழுவினேன். ரப்பர் விரிப்புகளைத் தண்ணீர் அடித்துக் கழுவி, மேலோட்டமாகத் துடைத்து அப்படியே உள்ளே போட்டேன். ஏசியை முழு வேகத்தில் போட்டுக்கொண்டு கடை வரைக்கும் ஒரு நடை போய்வந்து நேராக அணைத்தேன். ஏசி ஓடும்போது டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குளிர்ச் சுருளில் தண்ணீர் முத்து முத்தாகப் படிந்திருக்கும், அணைத்ததும் அந்த ஈரம் அங்கேயே நிற்கும். பிறகு மைத்துனர் சொன்னபடி காற்று வழிகளை மூடி, கண்ணாடிகளை இறுக்கி ஏற்றி, ஒன்பது மணிக்கு 65 வெள்ளி கொடுத்து வாங்கிய தண்ணீர் புகாத கவரை ஈரக் காரின் மேல் போட்டு அடியில் கயிறு கட்டினேன். தண்ணீர் புகாத கவருக்குள்ளிருந்து தண்ணீர் வெளியேயும் போகாது என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. பகலில் வெயில் அந்தக் கவரைச் சூடாக்கும், உள்ளே ஈரம் ஆவியாகும், ராத்திரி திரும்பவும் படியும். இட்லிச் சட்டிதான்.

பூஞ்சை எங்கே முதலில் பிடிக்கும் தெரியுமா? நம் கை பட்ட இடத்தில். ஸ்டீயரிங், கியர், கைப்பிடி, சீட் பெல்ட். வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் அதற்குச் சாப்பாடு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற நமக்குத் தலை சாயும் இடமும் சேர்த்தி.

கவரின் மேல் இன்னொரு கூத்து. பானெட்டுக்கு மேலே கவர் தொய்ந்து, அதில் மழைத் தண்ணீர் தேங்கி, இலையும் மைனா எச்சமும் ஊறி, நான் வந்து பார்த்தபோது புழு நெளிந்தது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை வளர ஒரு வாரம், பத்து நாள் போதும். டெங்கிக்காகத் தொட்டித் தட்டைக்கூடக் கவிழ்த்து வைக்கச் சொல்லும் ஊரில் நான் குட்டைக் குளம் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

ஆகவே இப்போது நான் செய்வது இப்படி. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே கழுவிவிட்டு, வழக்கம்போல ஓட்டிக் காய விடுகிறேன். விரிப்புகளை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன், குடையையும்தான். கடைசி ஓட்டத்தில் பத்து நிமிடம் முன்பே ஏசியை அணைத்து, வெறும் காற்றாடியை மட்டும் வேகமாக வைத்து ஓட்டினால் அந்தச் சுருள் காயும். ஸ்டீயரிங், கியர், பெல்ட் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒரு தடவை. கவர் கிடையாது. அதற்குப் பதில் அந்த மாதங்களுக்குக் கூரையுள்ள இடம். குடியிருப்பாளர்களுக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) சீசன் பார்க்கிங் திறந்தவெளியில் 80 வெள்ளி, கூரையுள்ள இடத்தில் 110. மாதம் முப்பது வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய்த்தான் எனக்கு எண்ணூற்றுச் சொச்சம் போனது.

அலமாரிக்குள் வைப்போமே, ஈரம் இழுக்கும் டப்பா, அதை வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் நண்பர் ஒருவர் ஆறு டப்பா வைத்துவிட்டுப் போனார். வந்ததும் அவற்றை மறந்து காரை எடுத்து ஒரு திருப்பம் திருப்பினார், இரண்டு டப்பா கவிழ்ந்தது. அதில் சேர்வது வெறும் தண்ணீர் இல்லை, கால்சியம் குளோரைடு கரைசல். கம்பளத்தில் கொட்டினால் காயவே காயாது, காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், சீட்டுக்குக் கீழே உள்ள இரும்புத் தண்டவாளத்தையும் துருப்பிடிக்க வைக்கும். வைத்தால் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வையுங்கள், எஞ்சினைத் தொடும் முன் வெளியே எடுங்கள்.

பேட்டரி. பூட்டி நிறுத்திய காரும் மின்சாரம் குடிக்கும்: அலாரம், சாவி உணரி, கடிகாரம். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. சின்ன காரின் பேட்டரி 45 ஆம்பியர்-மணி என்றால் ஒன்றரை மாதத்தில் காலி, இந்தச் சூட்டில் அதற்கும் முன்னால். நானோ, யாராவது இடித்துவிட்டுப் போனால் பதிவாகட்டும் என்று டாஷ்கேமராவை நிறுத்திய நிலையிலும் ஓடும்படி வைத்திருந்தேன். அது கால் ஆம்பியர் இழுத்தாலே நாளைக்கு 6. அது படம் பிடித்தது முதல் ஒரு வாரத்தைத்தான்! காலியாகக் கிடந்த பேட்டரி அதன் பிறகு சார்ஜே ஏறவில்லை. கேமராவின் வயரைப் பிடுங்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் என்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றுங்கள், பெரும்பாலான ஜப்பான் கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றுவதற்கு முன் ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவு திறக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி பின்பெட்டிக்குள் இருக்கும் சில ஐரோப்பிய கார்களில், கழற்றிவிட்டுப் பெட்டியைச் சாத்தினால் திறக்க வழி இருக்காது. கையேட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

ஊரில் இந்தத் தலைவலியே இல்லை. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, "ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடுங்க அண்ணே" என்றால் முடிந்தது. அப்பா அப்படித்தான் சித்தப்பாவின் அம்பாசடரைத் தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே உறும விடுவார். இங்கே அதைச் செய்யச் சொல்லி நண்பரை மாட்டிவிடாதீர்கள். நிற்கும் வண்டியில் எஞ்சினைச் சும்மா ஓடவிடுவது இங்கே குற்றம், அபராதம் உண்டு. பலனும் இல்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் ஐந்து நிமிடத்தில் முழுதாகத் திரும்பாது, புகைக்குழாயில் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம். அரை மணி நேரம் ஓட்ட வேண்டும், வாரத்துக்கு ஒரு முறை போதும். அப்படி ஓட்ட ஆள் இருந்தால் பேட்டரியைக் கழற்றவே வேண்டாம்.

யாரை ஓட்டச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பல பாலிசிகளில் பெயர் சேர்க்காதவர் ஓட்டி இடித்தால் நம் கையிலிருந்து போகும் பணம் எகிறும். இந்த முறை எதிர் வீட்டு மலாய் அங்கிள், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், அவர் பெயரைக் காப்புறுதியில் சேர்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். வாரா வாரம் மீட்டர் எண்ணைப் படம் எடுத்து அனுப்பினார். ஞாயிறு காலையில் சாங்கி வில்லேஜ் போய் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு வருவாராம். திரும்பி வந்தபோது காரில் லேசாகச் சம்பல் வாசனை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

டயருக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடியுங்கள், பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். சமதளம் என்றால் கியரை பி-யில் விட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்திவிடலாம், ஈரத்தில் அது ஒட்டிக்கொள்ளும். சரிவு என்றால் அந்த வேலையே வேண்டாம். பெட்ரோல் இரண்டு மாதத்தில் கெட்டுவிடாது, மருந்தெல்லாம் தேவையில்லை. டாங்கில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி காரில் எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் போகிறவர்களுக்குத்தான், சாங்கி விமான நிலையத்துக்குப் போகிறவர்களுக்கு இல்லை.

திரும்பி வந்த அன்றைக்கே களைப்போடு காரை எடுக்காதீர்கள். மறுநாள் வெயில் ஏறியதும் நாலு கதவையும் பத்து நிமிடம் திறந்து வையுங்கள், டயர் காற்றைப் பாருங்கள், பிறகு மெதுவாக எடுங்கள். முதல் நாலைந்து பிரேக்கில் கரகரவென்று சத்தம் வரும். டிஸ்க்கில் படிந்த துருதான், தேய்ந்து போய்விடும். அடுத்த நாளும் சத்தம் இருந்தால் மட்டும் பட்டறைக்கு விடுங்கள்.