பில் சேமிக்கப் பதினைந்து வினாடி: டேட்டாபேஸ் சர்வரில் டிஸ்க்கைச் சரிசெய்த கதை

காரைக்குடியில் ஒரு பாத்திரக்கடையின் பில்லிங் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணுக்குச் சாமான் பரப்புவது வழக்கம். அந்தப் பட்டியல் கடைக்கு வந்தால் எவர்சில்வர், பித்தளை, எனாமல் என்று ஒரே பில்லில் முந்நூறு வரி ஓடும். போன தை மாதம் அப்படி ஒரு பில்லைச் சேமிக்கப் பதினைந்து வினாடி ஆனது. "தம்பி, பொட்டி மூச்சு வாங்குது" என்றார் கடைக்கார அண்ணன். ரேமைக் கூட்டிப் பார்த்தேன், பலனில்லை. கடைசியில் சிக்கியது டிஸ்க்.

உபுண்டு லினக்ஸும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் போட்டு ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

சிஸ்ஸ்டாட் பொதியை நிறுவி, கடை பரபரப்பாக இருக்கும் நேரத்தில் "ஐஓஸ்டாட் -எக்ஸ் 1" ஓட்டுங்கள். ஆர்_அவெயிட், டபிள்யூ_அவெயிட் இரண்டும்தான் முக்கியம். ஒரு வாசிப்போ எழுத்தோ முடிய எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று அவை சொல்லும். ஹார்ட் டிஸ்க்கில் 10, 15 என்றால் சகஜம். நூறைத் தாண்டினால் வரிசை நீண்டு கிடக்கிறது. கடைசி நெடுவரிசையில் வரும் யூட்டில் சதவீதத்தை (டிஸ்க் வேலையில் இருந்த நேரம்) எஸ்எஸ்டியில், அதாவது சுற்றும் தகடில்லாத சிப் டிஸ்க்கில், நம்பாதீர்கள். அது ஒரே நேரத்தில் பல வேலை பார்ப்பதால், 100 காட்டினாலும் இன்னும் தாங்கும். கலர் கலராக வரைபடம் போடும் கருவிகள் முதலாளியிடம் காட்ட நன்றாக இருக்கும். எனக்கு ஐஓஸ்டாட் போதும்.

படி 2: டிஸ்க் ஏன் தாமதிக்கிறது?

நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்குக்கு ஒரு சுற்று 8.3 மில்லிவினாடி. வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, தலை நகர இன்னும் எட்டு ஒன்பது மில்லிவினாடி. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டால் வினாடிக்கு எண்பது வேலைக்குப் பக்கத்தில்தான் முடியும்.

எங்கள் ஊர்ப் பெரிய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன் தெருவில் முகப்பு, அப்புறம் வளவு, இரண்டாங்கட்டு, பின் தெருவை ஒட்டி அடுப்படி. எடுபிடிக்கு ஒரே ஒரு பையன். முகப்பிலிருந்து ஐயா வெற்றிலைப் பெட்டி கேட்கிறார், அடுப்படியிலிருந்து ஆச்சி அண்டா கேட்கிறார், திரும்பவும் ஐயா செம்பு கேட்கிறார். கேட்ட வரிசையில் ஓடினால் பையனுக்குக் கால் வலிதான் மிச்சம். போகிற வழியில் உள்ளதையெல்லாம் ஒரே நடையில் முடித்தால் பிழைத்தான். டிஸ்க் வேலைகளை வரிசைப்படுத்தும் ஷெட்யூலர் செய்வது இதைத்தான். ஆனால் வளவிலேயே ஓயாமல் வேலை வந்துகொண்டிருந்தால் ஆச்சியின் அண்டா போய்ச் சேராது. அதற்காகத்தான் எம்க்யூ-டெட்லைன் என்ற ஷெட்யூலர் கெடு வைக்கிறது: வாசிப்புக்கு 500 மில்லிவினாடி, எழுத்துக்கு 5 வினாடி. எஸ்எஸ்டியில் கட்டுக்குக் கட்டு ஆள் நிற்கிற மாதிரி, நடையே கிடையாது.

படி 3: ஷெட்யூலரை மாற்றுவது

"/சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/க்யூ/ஷெட்யூலர்" கோப்பைக் கேட் கட்டளையால் படியுங்கள் (இதில் க்யூ ஓரெழுத்து அல்ல, வரிசையைக் குறிக்கும் முழு ஆங்கிலச் சொல்). சதுர அடைப்புக்குள் இருப்பதே இப்போது ஓடுவது. சுற்றும் டிஸ்க்கில் டேட்டாபேஸ் என்றால் என் ஓட்டு எம்க்யூ-டெட்லைனுக்கு. பிஎஃப்க்யூ என்ற இன்னொரு ஷெட்யூலர் மேசைக் கணினிக்கு நல்லது. என்விஎம்ஈ என்ற அதிவேக எஸ்எஸ்டி என்றால் நன் (ஷெட்யூலரே வேண்டாம் என்று பொருள்), வேறு யோசனையே வேண்டாம்.

நான் அரை நாள் தொலைத்தது இங்கேதான். பழைய கட்டுரை ஒன்றைப் பார்த்து, கணினி தொடங்கும்போது பயன்படும் கிரப் கோப்பில் "எலிவேட்டர்=டெட்லைன்" என்று சேர்த்து, மூன்று முறை ரீபூட் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. லினக்ஸ் 5.0இல் பழைய ஷெட்யூலர்களையே தூக்கிவிட்டார்கள், அந்த வரியைக் கெர்னல் (லினக்ஸின் மையம்) கண்டுகொள்வதே இல்லை. சரி, நேரடியாக எழுதுவோம் என்று "சூடோ எக்கோ" போட்டு அம்புக்குறியால் கோப்புக்குள் தள்ளினால் அனுமதி மறுப்பு. சூடோ தரும் நிர்வாகி அதிகாரம் எக்கோவுக்கு மட்டும்தான், அம்புக்குறியைச் செய்வது கட்டளையை வாங்கும் உங்கள் ஷெல். எக்கோவின் வெளியீட்டைப் பைப் வழியாக "சூடோ டீ"க்கு அனுப்புங்கள், எழுதிவிடும். ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்க வேண்டுமானால் யூடெவ் விதி (டிஸ்க்கைக் கண்டதும் அமைப்பை வைக்கும் விதி) ஒன்று எழுத வேண்டும்.

இத்தனையும் செய்து பதினைந்து வினாடி பன்னிரண்டானது. அவ்வளவுதான்.

படி 4: கமிட் எத்தனை முறை நடக்கிறது?

கமிட் என்பது மாற்றத்தை நிலையாகச் சேமிக்கும் கட்டளை. ஒவ்வொரு கமிட்டின்போதும் போஸ்ட்கிரஸ் தன் பதிவேட்டை எஃப்சிங்க் மூலம் டிஸ்க்கில் உறுதியாக எழுதிவிட்டுத்தான் "ஆச்சு" என்று சொல்லும். டிஸ்க் வினாடிக்கு 120 சுற்று. ஒரே இணைப்பிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கமிட் வந்தால் சுற்றுக்கு ஒன்றுக்கு மேல் முடியாது. எங்கள் பில்லிங் மென்பொருள் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கமிட் செய்துகொண்டிருந்தது. 300 வரிக்கு 300 சுற்று, டிஸ்க் சும்மா இருந்தாலே இரண்டரை வினாடி. அந்த நேரத்தில் பின்னால் ஸ்டாக் அறிக்கை வேறு ஓடும். கரண்ட் போனதில் தள்ளிப்போன இரவு பேக்கப்பும் காலையில் சேர்ந்துகொள்ளும். பதினைந்து ஆகாமல் என்ன செய்யும்?

மொத்தப் பில்லையும் ஒரே பிகின், ஒரே கமிட்டுக்குள் வைத்தேன். ஒரு வினாடிக்குள் முடிந்தது. பைசா செலவில்லை.

மென்பொருளில் கை வைக்க முடியாதவர்கள் போஸ்ட்கிரஸின் சிங்க்ரனஸ்_கமிட் அமைப்பை ஆஃப் செய்யலாம், டிஸ்க்கில் எழுதும்வரை காத்திருக்காது. கரண்ட் போனால் கடைசி அரை வினாடிக்குச் சற்று மேலான பில் காணாமல் போகலாம், ஆனால் டேட்டாபேஸ் உடையாது. எஃப்சிங்க்கையே ஆஃப் செய்யச் சொல்பவர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள், அதில் டேட்டாபேஸே உடையும்.

படி 5: வன்பொருள் வாங்கும்போது

பிறகு எஸ்எஸ்டியும் வாங்கினோம். முதலில் வாங்கிய மலிவு ரகம் வாசிப்பில் பறந்தது, கமிட்டில் படுத்தது. கரண்ட் போனாலும் கையிலிருப்பதை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர் உள்ள சர்வர் ரகத்தில் எஃப்சிங்க் வேகமாக முடியும். விலை கூடத்தான், டேட்டாபேஸுக்கு அதையே வாங்குங்கள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க் பேக்கப்புக்கு மட்டும். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறையான ரெய்டில், ரெய்ட் 5 என்றால் சின்ன எழுத்து ஒன்றுக்கு இரண்டு வாசிப்பு, இரண்டு எழுத்து என்று நான்கு வேலை. கண்ணாடிப் பிரதி வைக்கும் ரெய்ட் 1 அல்லது 10 போதும். எஸ்எஸ்டிக்கு மாறியபின் போஸ்ட்கிரஸின் ரேண்டம்_பேஜ்_காஸ்ட் அமைப்பை (அங்குமிங்கும் படிக்கும் செலவின் மதிப்பீடு) 4இலிருந்து 1.1க்கு இறக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் இண்டெக்ஸ் இருந்தும் முழு டேபிளையும் படித்துக்கொண்டிருக்கும்.

பின்சேர்க்கை 1: விர்ச்சுவல் மெஷினில் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) எந்த ஷெட்யூலரை வைப்பது என்று இருவர் கேட்டிருந்தார்கள். உள்ளே நன் வையுங்கள். வரிசைப்படுத்துவதை வெளியே உள்ள சர்வர் பார்த்துக்கொள்ளும்.

பின்சேர்க்கை 2: பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் கருவியை ஓட்டிய தேவகோட்டை வாசகர் ஒருவர், தன் ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு நாலாயிரம் எஃப்சிங்க் காட்டுவதாகப் பெருமையாக எழுதினார். சுற்றுவதே 120 முறை, நாலாயிரம் எங்கிருந்து வரும்? டிஸ்க்குகளை இணைக்கும் அமைப்பு உள்ள எஃப்எஸ்டேப் கோப்பைப் பார்க்கச் சொன்னேன். யாரோ "பாரியர்=0" என்று போட்டு வைத்திருந்தார்கள், எழுதாமலேயே எழுதியதாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதை எடுத்ததும் எழுபதுக்கு இறங்கியது. நேற்றுவரை வேகமாக இருந்த கடையைக் கெடுத்தது நான்தான் என்று இப்போது அவருடைய முதலாளி நினைக்கிறாராம்.