மஞ்சள் ஸ்டிக்கர் விழுந்த பிறகு கணவன் பார்க்க வேண்டிய வேலை

மலேசியாவில் கிளினிக் கெசிஹத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில், ஆபத்தின் அளவைக் காட்ட நான்கு நிற ஸ்டிக்கர் உண்டு. வெள்ளை என்றால் தாதியே பார்த்துக்கொள்வார். பச்சைக்குக் கிளினிக் டாக்டர். மஞ்சளுக்கு நிபுணர் பார்க்க வேண்டும். சிவப்பு விழுந்தால் வீட்டுக்குப் போய்த் துணி எடுத்து வருகிறோம் என்ற பேச்சே கிடையாது, நேரே மருத்துவமனைதான். என் மச்சானின் மனைவிக்கு வயிற்றில் இரட்டை. போன வாரம் மஞ்சள் விழுந்தது. "நான் என்ன மாமா செய்யணும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் டெக்னீஷியன். மனைவிக்கு ரத்த அழுத்தம் எகிறியதால் எங்கள் மகள் 31 வாரத்தில் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வைத்தியத்தை டாக்டர் பார்ப்பார். வார்டு கதவுக்கு வெளியே இருக்கும் வேலை கணவனுடையது, அது கொஞ்சநஞ்சம் இல்லை.

முதல் வேலை, எங்கே பிரசவம் என்று முடிவு செய்வது. தனியார் மருத்துவமனையின் அறையையும் சாப்பாட்டையும் பார்த்து மயங்காதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு வென்டிலேட்டரோடு பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறதா, எத்தனை வாரக் குழந்தை வரை பார்ப்பார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். பினாங்குத் தீவில் ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் ஜி.எச். என்ற அரசு பெரிய மருத்துவமனை, அக்கரையில் செபராங் ஜெயா மருத்துவமனை, இரண்டிலும் அந்தப் பிரிவு உண்டு. பிறந்த பிறகு குழந்தையை ஆம்புலன்ஸில் மாற்றுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை மாற்றுவதுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு. இதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்போதுதான் கடைசி நேரத்தில் "இங்கேயே பார்க்கச் சொல்லு" என்று யாரும் மல்லுக்கட்ட மாட்டார்கள்.

அடுத்தது, எப்போது ஓடுவது என்று தெரிந்துகொள்வது. கால் வீங்குவது பல பேருக்கு இருக்கும். முகமும் கையும் திடீரென்று உப்பினால், தலைவலி விடாமல் இருந்தால், கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தால், வலது விலாவுக்குக் கீழே வலித்தால், பனடோல் போட்டுப் படுக்கவிடாதீர்கள். ரத்த அழுத்தம் மேலே 140 அல்லது கீழே 90 தொட்டாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். 160, 110 என்று போனால் அது அவசரம். ரத்தம் பட்டாலும், நீர்க்குடம் உடைந்தாலும் அப்படித்தான். குழந்தையின் அசைவை எழுதச் சொல்லி ஒரு அட்டவணை கொடுப்பார்கள். காலை 9 மணிக்கு எண்ணத் தொடங்கி இரவு 9 மணிக்குள் 10 அசைவு வரவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. வழக்கத்தைவிட அசைவு ரொம்பக் குறைந்தது என்று மனைவி சொன்னால் ஒன்பது மணிக்கும் காத்திருக்க வேண்டாம். வண்டி ஓட்ட ஆள் இல்லையா, ஆம்புலன்ஸுக்கு 999.

பிங்க் புத்தகம் எப்போதும் அவள் கைப்பையில் இருக்கட்டும். கூடவே இரண்டு அடையாள அட்டையும் திருமணச் சான்றிதழின் நகலும்.

குறைமாதத்தில் பிறக்கும் என்று தோன்றினால் டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு அது. பொதுவாக 12 மணி நேர இடைவெளியில் இரண்டு. நீரிழிவு உள்ள தாய்க்கு இதனால் சர்க்கரை ஏறும், இன்சுலினைக் கூட்டுவார்கள், பயப்பட வேண்டாம். ரத்த அழுத்தக்காரருக்கு வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றினால் உடம்பெல்லாம் கொதிக்கிற மாதிரி இருக்கும். இதை முன்பே சொல்லி வைத்தால் மனைவி பாதி நிம்மதியாக இருப்பாள்.

இனி பால். என்னைக் கேட்டால் கணவன் தலையிட்டுச் செய்ய வேண்டிய மிகப் பெரிய வேலை இதுதான். சுமார் 34 வாரம் ஆகும்வரை உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவதை ஒன்றாகச் செய்ய குழந்தைக்குத் தெரியாது. குழாய் வழியாகத்தான் பால் போகும். அதனால் பிறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே தாய் பால் எடுக்கத் தொடங்க வேண்டும். முதலில் சில சொட்டுச் சீம்பால்தான் வரும். கையால் பிழிந்து சிரிஞ்சில் பிடியுங்கள், பம்பில் ஒட்டி வீணாகும். ஒரு நாளைக்கு எட்டு முறை, ராத்திரியும் விடாமல். சிசேரியன் ஆகியிருந்தால் அறுவை செய்த வயிற்றோடு அவளால் எழ முடியாது. அலாரம் வைப்பது, பம்பைக் கழுவிக் கொதிக்க வைப்பது, போத்தலில் பெயர், தேதி, நேரம் எழுதுவது எல்லாம் நீங்கள். பாலை வார்டுக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியில் ஐஸ் கட்டி போடாதீர்கள், உருகி லேபிள் அழிந்துபோகும். ஜெல் பேக் போடுங்கள். வேலை முடிந்து வரும் வழியில் ஜெலுத்தோங் பக்கம் ஜாம் ஆனாலும் பால் கெடாது. எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்பதற்கு அந்தந்த வார்டின் கணக்குதான் கணக்கு. 'ரெண்டு சொட்டுக்கா இவ்வளவு பாடு' என்று மாமியார் சொன்னால் மிஸ்ஸியிடம், அதாவது வார்டு தாதியிடம், அனுப்பி வையுங்கள்.

குழந்தை இருக்கும் வார்டுக்குள் போகும்போது மோதிரம், கடிகாரம், கையில் கட்டிய கோயில் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். சளி இருந்தால் போகவே வேண்டாம். காலை 7, மதியம் 2, இரவு 9 ஒட்டி வார்டுக்குப் போன் செய்யாதீர்கள். அது தாதியர் ஷிப்ட் மாறும் நேரம். ஷிப்ட் பார்க்கிறவனுக்கு இது சொல்லாமலே புரியும். ஒரு சின்ன நோட்டில் தினமும் மூன்றே கேள்வி எழுதுங்கள்: மூச்சுக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது, பால் எத்தனை மில்லி, எடை எவ்வளவு. முதல் சில நாளில் எடை இறங்கத்தான் செய்யும். உறவினர்களுக்குப் பதில் சொல்ல ஒரே ஆளை வையுங்கள். எங்கள் வீட்டில் அது என் தங்கை; மனைவியின் போனை நாங்கள் அடைத்தே வைத்திருந்தோம். உடல் நிலை நிதானப்பட்டதும் கங்காரு முறையில் நெஞ்சில் வைத்துக்கொள்ள விடுவார்கள். அப்பாவும் செய்யலாம், சட்டை முன்பக்கம் திறப்பதாக இருக்கட்டும்.

குழந்தைக்குப் படுக்கை வாங்கி வைத்துவிட்டு மனைவியை மறந்துவிடும் வீடுகள் உண்டு. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் வரை ரத்த அழுத்தம் ஏறலாம். வீட்டுக்கு வரும் தாதி பார்க்கட்டும், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

விடுப்பு விஷயம். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் அம்மாவுக்கு 98 நாள், அப்பாவுக்குத் தொடர்ச்சியாக 7 நாள். அந்த ஏழு நாளும் பிரசவத்தை ஒட்டியே ஓடிவிடும். ஆண்டு விடுப்பைக் குழந்தை வீட்டுக்கு வரும் வாரத்துக்கு மிச்சம் வையுங்கள். பிறப்புப் பதிவுக்குத் தீபகற்ப மலேசியாவில் 60 நாள்தான் கெடு. குழந்தை வார்டில் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டைத் தயார்செய்வதில் பாட்டிமாரோடு சண்டை வரும். தாத்தாவின் பழைய வேட்டிதான் குழந்தைக்கு மெத்தென்று இருக்கும், உண்மை. ஆனால் அது அந்துருண்டை போட்ட பெட்டியிலிருந்து வரும். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை ஏற்றிவிடும், மூளை வரை பாதிக்கலாம். இங்கே பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைப் பரிசோதிப்பார்கள். முடிவைக் கேட்டு வாங்குங்கள். முடிவு எதுவானாலும் உருண்டையைத் தூக்கி எறியுங்கள். சாம்பிராணிப் புகையும் வேண்டாம், குறைமாத நுரையீரல் தாங்காது. தூளியிலும் ஸ்பிரிங் தொட்டிலிலும் கழுத்து மடங்கி மூச்சு அடைபடலாம். சமதளமான படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது கண் பரிசோதனை, காது பரிசோதனைத் தேதிகளையும் எழுதிக் கொடுப்பார்கள். 32 வாரத்துக்கு முன் பிறந்ததற்கும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்ததற்கும் விழித்திரையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தேதி தவறினால் பார்வைக்கே ஆபத்து. தடுப்பூசியைப் பிறந்த தேதியை வைத்துப் போடுவார்கள். கவிழ்வது, உட்காருவது எல்லாம் பிறக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட வேண்டும். "நாலு மாசம் ஆச்சே, இன்னும் கவிழலையா?" என்று தைப்பூசத்தில் யாராவது கேட்டால், எத்தனை மாதம் முந்திப் பிறந்ததோ அதைக் கழித்துச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.