புகை அலாரம் விடாமல் பீப் அடிக்கிறதா? கழற்றி எறிய முன் இதைப் பாருங்கள்

திருகோணமலையில் முன்பெல்லாம் வீட்டுக்குள் புகை அலாரம் என்ற சாமானே கிடையாது. இப்போது உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிற வீடுகளில் கூரைக்குக் கூரை ஒன்று தொங்குகிறது. லண்டன், கனடாவில் இருந்து வருகிற சொந்தக்காரரும் பெட்டிக்குள் ஒன்றிரண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மாட்டும்போது எல்லோருக்கும் சந்தோஷம்தான். பிறகு ஒருநாள் நடுச்சாமத்தில் அது பீப் என்று ஒருதரம் அடிக்கும், கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும், கண்ணயரும் நேரம் பார்த்துத் திரும்பவும் அடிக்கும். அநேகமான பேர் என்ன செய்கிறார்கள் என்றால், கதிரையைப் போட்டு ஏறி, அதைக் கழற்றி, பற்றரியை உருவி, அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். அது அங்கேயே வருஷக்கணக்கில் கிடக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு சின்ன விஷயம்தான், பத்து நிமிஷத்தில் சரிசெய்யலாம்.

முதலில் எப்படி அடிக்கிறது என்று கேளுங்கள்

எல்லா பீப்பும் ஒன்றல்ல. பெரிய சத்தமாக மூன்று தரம் அடித்து, கொஞ்சம் நிறுத்தி, திரும்ப மூன்று தரம் அடித்தால் புகை இருக்கிறது என்று அர்த்தம். கதிரை தேடவேண்டாம். பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள், வெளியே நின்று 110 அல்லது 119க்கு அடியுங்கள்.

நான்கு தரம் வேகமாக அடித்து நிறுத்தித் திரும்ப நான்கு தரம் அடித்தால், உங்களிடம் இருப்பது கார்பன் மொனொக்சைட் அலாரம், அல்லது இரண்டும் சேர்ந்த வகை. இந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரன்ட் போனதும் ஜெனரேட்டரை விறாந்தையிலோ கராஜுக்குள்ளோ வைத்து ஓட்டுகிற பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது, பூட்டிய அறைக்குள் கரி மூட்டுவதும் உண்டு. இரண்டிலும் இந்த வாயு வரும். உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். யாருக்காவது தலையிடி, தலைச்சுற்று, வாந்தி இருந்தால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

அரை நிமிஷத்துக்கோ ஒரு நிமிஷத்துக்கோ ஒருதரம் சின்னதாக ஒரேயொரு பீப் மட்டும் வந்தால், அதுதான் இந்தப் பதிவின் விஷயம். பற்றரி முடிகிறது, அல்லது அலாரத்துக்குள்ளே ஏதோ கோளாறு. சில கம்பனிகள் வேறு மாதிரி அடிக்க வைத்திருக்கும், அதனால் பின்பக்க ஸ்டிக்கரையும் ஒருதரம் வாசித்துப் பாருங்கள்.

எது அடிக்கிறது?

கேட்க லேசான வேலைபோலத் தெரியும், ஆனால் ஆட்களைக் குழப்புவது இந்த இடம்தான். இந்தச் சத்தம் மிகவும் கீச்சான சத்தம், 3,000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அந்த அளவில் வருகிற சத்தம் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று எங்கள் காது சரியாகப் பிடிக்காது, அதுவும் ஒரு சின்ன பீப் மட்டும் என்றால் சுத்தமாகப் பிடிக்காது. ஆகவே வீடு முழுக்க ஓடித் திரியாமல், ஒவ்வொரு அலாரத்துக்கும் கீழே போய் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பல மொடல்களில் பீப்போடு சேர்ந்து சிவப்பு லைட்டும் மின்னும். கம்ப்யூட்டருக்கோ வைஃபைக்கோ யூபிஎஸ் வைத்திருந்தால் அதையும் பாருங்கள், கரன்ட் போன நேரம் அதுவும் இப்படித்தான் அடிக்கும். லாச்சிக்குள் பழைய அலாரம் ஒன்று பற்றரியோடு கிடந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள்.

பற்றரி மாற்றுவது

கதிரை வேண்டாம், ஏணி எடுங்கள். பக்கத்தில் ஃபேன் இருந்தால் நிறுத்துங்கள். அலாரத்தைக் கையால் பிடித்து இடப்பக்கமாக, அதாவது மணிக்கூடு ஓடுகிற திசைக்கு எதிராகத் திருப்பினால் பெரும்பாலும் கழன்று வரும். சிலதில் கழற்றாமலே இழுக்கக்கூடிய சின்னக் கதவு இருக்கும். வயர் தெரிந்தால் அதற்குமேல் கை வைக்கவேண்டாம், அதற்குத் தனியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

உள்ளே 9 வோல்ட் சதுரப் பற்றரி இருக்கும், அல்லது ரிமோட்டுக்குப் போடுகிற சின்னப் பற்றரி இரண்டு மூன்று இருக்கும். எது இருந்ததோ அதையே வாங்குங்கள், ஆனால் அல்கலைன் என்று எழுதியிருக்கவேண்டும். 'ஹெவி டியூட்டி' என்று போட்டு மலிவாக விற்கிற கார்பன் பற்றரி கெதியாக இறங்கிவிடும், திரும்ப ஏணி ஏறவேண்டி வரும். சார்ஜ் பண்ணுகிற பற்றரியும் சரிவராது, அது சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், ஆரம்பத்திலேயே வோல்ட்டும் குறைவு. கடையில் வாங்கும்போது காலாவதித் திகதியைக் கட்டாயம் பாருங்கள். 9 வோல்ட் பற்றரி அவ்வளவாக விலைபோகாத சாமான், வெயில் படுகிற கண்ணாடிப் பெட்டிக்குள் கனகாலம் கிடந்ததைத்தான் எடுத்துத் தருவார்கள்.

பழையதைக் கழற்றியதும் புதியதை உடனே போடவேண்டாம். டெஸ்ட் பொத்தானை 15, 20 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கிற கரன்ட் அப்போதுதான் இறங்கும். இதைச் செய்யாமல் விட்டால் சில அலாரங்கள் புதுப் பற்றரி போட்டும் பழைய ஞாபகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். அடுத்து பற்றரி தொடுகிற தகடுகளைப் பாருங்கள். கடற்கரையோரம் இருக்கிற எங்களுக்கு இது முக்கியம், உப்புக்காற்றில் அந்தத் தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் போதும், தண்ணீர் வேண்டாம்.

இனிக் கூட்டல், கழித்தல் பார்த்துப் புதியதைப் போடுங்கள். மூடி பூட்டவில்லை என்றால் பலவந்தம் பண்ணாதீர்கள், பற்றரி சரியாக இருக்காவிட்டால் மூட விடாமல் தடுக்கிற ஒரு சின்ன நாக்கு பல மொடல்களில் இருக்கிறது. திரும்ப மாட்டி டெஸ்ட் பொத்தானை அமத்துங்கள். 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் அளவுக்குச் சத்தம் வரும். குழந்தை தூங்குகிறதா, அறையில் விருந்தினர் இருக்கிறார்களா என்று பார்த்து, முதலிலேயே சொல்லிவிட்டு அமத்துங்கள்.

ஏன் இது எப்போதும் இரவில்தான் தொடங்குகிறது என்று பலரும் கேட்பார்கள். குளிர்ந்தால் பற்றரிக்குள் நடக்கிற இரசாயன வேலை மந்தமாகும், வோல்ட் கொஞ்சம் இறங்கும். முடியப்போகிற பற்றரி என்றால் அந்தக் கொஞ்சமே போதும். திருகோணமலையில் இரவில் பெரிய குளிர் இல்லைதான், ஆனால் ஏசியை 18இல் போட்டுவிட்டுப் படுக்கிற அறையில் இருக்கிறது. காலையில் அறை சூடானதும் சத்தம் தானாக நின்றுவிடும், நாங்களும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். சரியாகவில்லை. அன்றைக்கே மாற்றுங்கள்.

புதுப் பற்றரி போட்டும் அடிக்கிறது என்றால்

எங்கள் ஊரில் இதற்கு முக்கிய காரணம் பூச்சியும் ஈரமும். வெள்ளைக்காரர் வருகிற சீசன் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதியோடு முடிகிறது, அதற்குப் பிறகு வாடைக்காற்றோடு மாரிமழை. பல அறைகள் மாதக்கணக்கில் பூட்டியே கிடக்கும். திறக்கும்போது அலாரத்தின் ஓட்டைகளுக்குள் சிலந்தி வலை பின்னியிருக்கும், சின்னப் பூச்சி செத்துக் கிடக்கும். பூட்டிய அறையின் ஈரமும் சேர்ந்துவிடும். பிறகு கச்சான் காற்றுக் காலத்தில் புழுதி. இப்போது விற்கிற அலாரங்களில் அநேகமானவை உள்ளே ஒரு ஒளிக்கற்றையை வைத்துத்தான் புகையைக் கண்டுபிடிக்கின்றன. புகை வந்து அந்த ஒளியைச் சிதறடித்தால் அடிக்கும். தூசிக்கும் சிலந்தி வலைக்கும் நீராவிக்கும் புகைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

ஆகவே பற்றரியைக் கழற்றிவிட்டு, காய்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷால் ஓட்டைகளைச் சுற்றித் தட்டி எடுங்கள். வக்யூம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. ஈரத்துணியை உள்ளே விடாதீர்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள். ஈரம் பட்டிருந்தால் ஒரு நாள் ஃபேனுக்குக் கீழே வைத்துக் காயவிடுங்கள், வெயிலில் போட்டு வேகவைக்க வேண்டாம். அறைகளைத் திறந்து சுத்தம் பண்ணுகிற கிழமையில் பாய், மெத்தையோடு சேர்த்து இதையும் ஒரு வேலையாக வைத்துக்கொண்டால் சீசன் முழுக்கக் கவலையில்லை.

அதற்கும் அடங்கவில்லையா, பின்னால் திருப்பித் தயாரித்த திகதியைப் பாருங்கள். புகை அலாரத்தின் ஆயுள் 10 வருஷம். அதைத் தாண்டியிருந்தால் எத்தனை பற்றரி போட்டாலும் பிரயோசனமில்லை, உள்ளே புகையை உணர்கிற பகுதி தேய்ந்திருக்கும், புதிதுதான் வாங்கவேண்டும். வெளிநாட்டில் வீடு மாறும்போது கழற்றி அனுப்பிய அலாரங்களில் இந்தச் சிக்கல் அதிகம், வந்து சேரும்போதே பாதி ஆயுள் முடிந்திருக்கும். பற்றரியை உள்ளேயே வைத்து மூடிய 10 வருஷ வகையும் இருக்கிறது, அதில் பற்றரி மாற்றவே முடியாது. அடிக்கத் தொடங்கினால் அதன் காலம் முடிந்தது. பின்னால் இருக்கிற நிறுத்துகிற சுவிச்சை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தள்ளினால் அடங்கும். எந்தப் பழைய அலாரத்தையும் உடைத்துப் பார்க்கவேண்டாம், சிலவற்றில் அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் மிகமிகச் சிறிய அளவில் இருக்கிறது. மூடியிருக்கும்வரை ஆபத்தில்லை.

வயர் உள்ளது என்றால்

வீட்டுக் கரன்ட்டில் ஓடுகிற அலாரத்திலும் உள்ளே ஒரு பற்றரி இருக்கும், கரன்ட் போகும்போது தாங்குவதற்கு. 2022இல் 13 மணித்தியாலம் வரை கரன்ட் வெட்டினார்களே, அந்த மாதிரி நேரத்தில் இந்தப் பற்றரிகள்தான் முழு வேலையும் பார்க்கும். மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுத்தான் இதைத் தொடவேண்டும், பயமாக இருந்தால் வயரிங் வேலை செய்கிறவரைக் கூப்பிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முக்கியமாக ஒன்று: கனடா, அமெரிக்காவில் இருந்து வந்த வயர் அலாரம் 120 வோல்ட்டுக்குச் செய்தது. எங்கள் வீட்டுக் கரன்ட் 230 வோல்ட். அதை இங்கே கொடுத்தால் எரிந்துபோகும், தீயைத் தடுக்கக் கொண்டுவந்த சாமானே தீ வைத்துவிடும். முழுக்கப் பற்றரியில் ஓடுகிற வகையை மட்டும் அங்கிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள்.

சமைக்கும்போதெல்லாம் அடித்தால்

அது கோளாறே இல்லை, மாட்டிய இடம் பிழை. செத்தல் மிளகாய் வறுக்கிற குசினிக்கும் குளியலறைக் கதவுக்கும் குறைந்தது 3 மீட்டர் தள்ளி, படுக்கிற அறைக்கு வெளியே கூரையின் நடுப்பக்கமாக மாட்டுங்கள். ஃபேனுக்கு நேர் பக்கத்தில் வேண்டாம், ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், காற்று புகையைத் தள்ளிவிடும். குசினிக்கு வேண்டுமென்றால் புகைக்கு அல்லாமல் சூட்டுக்கு அடிக்கிற அலாரம் தனியாக விற்கிறது. சாம்பிராணி போடும்போது அடித்தால் ஹஷ் என்று இருக்கிற பொத்தானை அமத்துங்கள், பத்து நிமிஷம் போல அடங்கிவிட்டுத் தானாகவே திரும்ப வேலைக்கு வரும். பற்றரியைக் கழற்றினால் அப்படி வராது, நீங்கள்தான் ஞாபகம் வைத்துத் திரும்பப் போடவேண்டும்.

புதிதாக வாங்குகிறவர்கள் நான் மேலே சொன்ன ஒளியால் வேலை செய்கிற வகையையே வாங்குங்கள். சமையல் புகைக்குக் குறைவாக அடிக்கும், அதோடு கொழுந்துவிட்டு எரியாமல் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கிற தீயை விரைவில் பிடிக்கும். கட்டிலுக்குக் கீழே நுளம்புத்திரி கொளுத்தி வைத்துப் படுக்கிற வீடுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. விரிப்பு நுனி அதில் பட்டால் பஞ்சு மெத்தை மணிக்கணக்கில் சத்தமில்லாமல் புகையும், ஆட்கள் தூக்கத்திலேயே மூச்சடைத்துப் போகிறார்கள். எனக்கு இந்த அலாரத்தில் இவ்வளவு பிடிவாதம் அதனால்தான்.

கழற்றிய 9 வோல்ட் பற்றரியை அப்படியே குப்பைக்குள் போடாதீர்கள். அதன் இரண்டு முனையும் ஒரே பக்கம் கிட்டக்கிட்ட இருப்பதால் ஒரு ஆணியோ திறப்போ பட்டாலே சூடாகிப் பற்றிக்கொள்ளும். முனைகள் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டுப் போடுங்கள். புதுப் பற்றரியில் மாற்றிய திகதியை மார்க்கரால் எழுதிவிடுங்கள், மாதத்துக்கு ஒருதரம் டெஸ்ட் பொத்தானை அமத்திப் பாருங்கள். கை எட்டாவிட்டால் தும்புத்தடியின் நுனி போதும்.