சாமி இல்லாத கோயிலிலிருந்து ஒரு மாயக் கதை எழுதுவது எப்படி

தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. வேலூர்க்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். வெளியூர்க்காரர் சொன்னால் கோபம் வரும், நாமே சொல்லிக்கொண்டால் பெருமையாக இருக்கும். அரசர் காலத்துப் பின்னணியில் மதமும் அரசியலும் மந்திரமும் கலந்த ஒரு மாயக் கதை எழுத வேண்டும் என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் இந்த வரியைத்தான் நோட்டில் எழுதச் சொல்வேன். நாலும் காலி இடங்கள். ஒவ்வொரு காலி இடமும் கேள்வி கேட்கிறது: இங்கே இருந்ததை யார் எடுத்துப் போனார்கள், போனதால் யாருக்கு லாபம், அது திரும்பி வந்தால் யாருடைய பதவி போகும்?

கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் தலைமுறை தலைமுறையாக மூலவர் இல்லாமல் கிடந்தது. 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். நம் தாத்தா பாட்டி காலத்தில் அந்தக் கல்யாண மண்டபத்துத் தூண்களின் யாளிகள் பூசை இல்லாத கோயிலைத்தான் காவல் காத்துக்கொண்டு நின்றன. இதைவிடப் பெரிய கதைக்கரு எங்கே கிடைக்கும்?

இந்த வகைக் கதை எழுத வருபவர்களில் பலர் செய்வது என்னவென்றால், மதத்துக்கு ஒரு பக்கம், அரசியலுக்கு ஒரு பக்கம், மந்திரத்துக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக் குறிப்பு எடுப்பார்கள். பன்னிரண்டு தெய்வங்களின் பெயர், ஏழு ராஜ்யங்களின் வரைபடம், ஐந்து வகை மந்திர சக்தி எல்லாம் ரெடியாக இருக்கும், கதை மட்டும் நகராது. ஏனென்றால் அந்தக் காலத்து மனிதர்களுக்கு இவை மூன்றும் தனித்தனி அல்ல. ஐரோப்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து, பிரான்ஸ் அரசர்கள் கையால் தொட்டால் கழுத்தில் கட்டி கட்டியாக வரும் கண்டமாலை நோய் குணமாகும் என்று சனங்கள் நம்பினார்கள், வரிசையில் நின்றார்கள். அது பக்தியா, வைத்தியமா, அரசனின் உரிமைக்குச் சாட்சியா? மூன்றும்தான். அதனால் உலகத்தைப் படைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பொருளைப் பிடியுங்கள். கையில் எடுக்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும், மூன்றும் அதற்குள் இருக்க வேண்டும்.

நான் பிடித்த பொருள் ஒரு விளக்கு. அதை வைத்தே காட்டுகிறேன்.

பழைய கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. அதற்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் இருக்கும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, கிழடாகாத ஆடு! செத்ததற்குப் பதில் குட்டியை வைத்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பொருள், ஆனால் முதல்முறை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கணக்குப்பிள்ளை எழுதிய சொல் இது. எந்தக் கற்பனைக்காரனும் இவ்வளவு அழகாக ஒரு மந்திர மிருகத்துக்குப் பெயர் வைக்க முடியாது. தானம் சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று கல் சொல்லும். அழித்தவன் கங்கைக்கும் குமரிக்கும் இடையே உள்ளவர்கள் செய்த பாவம் எல்லாம் கொள்வான் என்று சாபமும் சொல்லும். ஒரே கல்லில் பத்திரமும் பிரார்த்தனையும் சாபமும்.

இப்போது அதில் ஒரே ஒரு மாயத்தைச் சேர்க்கிறேன்: அந்தச் சாபம் உண்மையிலேயே வேலை செய்கிறது. விளக்கு எரியும்வரை அகழித் தண்ணீர் இறங்காது. அவ்வளவுதான். வேறு எதையும் மாற்றவில்லை. உடனே கதை தானாக ஓடத் தொடங்கும். ஒரு படை கோட்டை வழியாகப் போகிறது, சாப்பாட்டுக்கு 96 ஆட்டில் பதினைந்தைப் பிடித்துக்கொண்டு போகிறது. படையை அனுப்பியது கோட்டையை ஆளும் நாயக்கர். ஆடு சாமியுடையது. நெய் அளக்க வேண்டியது இடையர். விளக்கு அணைந்தால் பழி பூசை செய்பவர் தலையில். அகழி வற்றினால் எதிரிக்கு வழி. யார் யாரைக் காட்டிக்கொடுப்பார்கள்? கூர்ந்து பாருங்கள், இதில் தீயசக்தி என்று ஒருவர்கூட இல்லை, ஆனாலும் கோட்டை விழப்போகிறது.

இதை எழுதும்போது முதலில் வருவது பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘அந்த இருண்ட இரவில் கொடிய மந்திரவாதி தன் கோலை உயர்த்த, வானம் இரண்டாகப் பிளந்தது.’ அடித்துவிடுங்கள். கோலும் வானமும் யாருக்கும் கைக்கு எட்டாது. கைக்கு எட்டுவதை எழுதுங்கள்:

‘விளக்கு அணைந்தபோது யாரும் கத்தவில்லை. பொன்னி உழக்கைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு சொட்டு விழுந்தது.

“ஆடு எத்தினி கீது இப்போ?” என்றான் மெய்க்காவல்காரன்.

“எண்பத்தொண்ணு.”

அவன் மதில் மேல் ஏறி எட்டிப் பார்த்தான். காலையில் மூன்றாம் படிக்கட்டில் இருந்த தண்ணீர் ஐந்தாம் படிக்கட்டுக்குப் போயிருந்தது. சேற்றில் ஏதோ ஒன்று வாலை இழுத்துக்கொண்டு நகர்ந்தது.’

மந்திரம் என்று ஒரு சொல்கூட வரவில்லை, கவனியுங்கள். அளவு இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது. மந்திரத்துக்கு விலை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் விலை என்றவுடன் ரத்தம், ஆயுள், ஆன்மா என்று போய்விடுகிறார்கள். உழக்கு நெய் என்று போடுங்கள், அந்த நெய்யை யார் வீட்டுக் குழந்தை சாப்பிடாமல் விட்டது என்று அடுத்த பக்கத்தில் எழுதலாம்.

அப்புறம் அரசியல். யுத்தகளத்தில் தொடங்காதீர்கள், மரியாதையில் தொடங்குங்கள். திருவிழாவில் முதல் தீர்த்தம் யாருக்கு, பரிவட்டம் யார் தலையில், தேர் வடத்தை யார் தொட்டால் தேர் நகரும். நம்ம ஊர்களில் இன்றைக்கும் இதற்காகப் பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு, அந்தச் சூடு உங்களுக்குத் தெரிந்த சூடு. பரிவட்டம் கட்டிக்கொள்ள வந்த படைத்தலைவரான தளவாயை, கோயில் நிர்வாகிகளான ஸ்தானத்தார் அரை நாழிகை காக்க வைக்கும் காட்சி, பத்தாயிரம் பேர் மோதும் காட்சியைவிடப் பயங்கரமாக இருக்கும்.

ஆதரிப்பவருக்கும் அறிஞருக்கும் உள்ள உறவையும் பாருங்கள். வேலூரை ஆண்ட சின்ன பொம்மு நாயக்கர், ஆரணி பக்கத்து அடையபலத்தைச் சேர்ந்த அப்பைய தீட்சிதருக்குப் பொற்காசால் அபிஷேகம் செய்தார். அடையபலம் காலகண்டேசுவரர் கோயிலில் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. அதே தீட்சிதரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது: புத்தி பேதலித்தாலும் தன் மனம் சிவனிடம் நிற்குமா என்று சோதிக்க, விஷம் என்று தெரிந்தே ஊமத்தையைச் சாப்பிட்டு, தான் உளறுவதை எழுதச் சொல்லிச் சீடர்களை உட்கார வைத்தாராம். வந்தது 50 சுலோகம். தலையில் பொன் கொட்டியது அரசியல், ஊமத்தை சாப்பிட்டது பக்தி, உளறல் மந்திரமானது மாயம். ஒரே ஆள். உங்கள் கதையின் ராஜகுரு இப்படிப்பட்டவராக இருந்தால் அவரை வில்லன் என்று ஒதுக்கவும் முடியாது, ஞானி என்று விட்டுவிடவும் முடியாது.

அரண்மனைச் சதி வேண்டுமென்றால் 1614ஐப் படியுங்கள். விஜயநகரத்து அரசர் ஸ்ரீரங்கரையும் குடும்பத்தையும் ஜக்கராயன் வேலூரில் சிறைவைத்துக் கொன்றான். ஒரு சிறுவன் மட்டும் தப்பினான், துணி வெளுப்பவர் ஒருவரின் மூட்டைக்குள். பெரிய பிரபுக்கள் யாராலும் நுழைய முடியாத கோட்டைக்குள் அழுக்குத்துணி வாங்க ஒருவர் தினமும் போய் வந்திருக்கிறார்! அதனால் பாத்திரப் பட்டியல் போடும்போது நாயக்கர், பிரதானி (அமைச்சர்), ராயசம் (எழுத்தர்) என்று மேலிருந்து போடாதீர்கள். கோட்டை வாசலில் தடுக்கப்படாதவர்கள் யார் யார் என்று கீழிருந்து போடுங்கள்.

மதம் பற்றி எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. இருக்கும் மதத்துக்கு வேறு பெயர் வைத்து, ஒரு கூட்டத்தை நல்லவர்களாகவும் இன்னொன்றைக் கொடியவர்களாகவும் எழுதாதீர்கள். அது பக்கத்து வீட்டுக்காரர்மேல் எறியும் கல், கதை ஆகாது. வேலூர்க் கோட்டைக்குள்ளேயே கோயில், மசூதி, சர்ச் மூன்றும் இருக்கின்றன. ஆற்காடு பக்கத்து விளாப்பாக்கத்தில் ஒரு சமணப் பெண் துறவி கிணறு வெட்டிக் கொடுத்ததைச் சோழர் கல்வெட்டு சொல்கிறது. வேற்றுச் சாமியைக் கும்பிடுபவர் வெட்டிய கிணற்றில் தண்ணீர் சேந்தும் கிராமம், இதில்தான் உண்மையான கதை இருக்கிறது.

சாமி எப்படிச் சாமியாகிறது என்பதையும் யோசியுங்கள். நம்ம பக்கம் பாதிச் சாமிகள் செத்த பிறகு ஆனவை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல், பல்லவ அரசன் மகேந்திரவர்மன் காலத்தது. சண்டையில் விழுந்த வீரனோடு, திருடர்களைக் கடித்துக் காத்து நின்ற ‘கோவிவன்’ என்ற நாயும் அதில் இருக்கிறது, பெயரோடு. மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படை எழுப்பினான், செத்த ராஜாவின்மேல் எழுந்த சிவன் கோயில். 949இல் தக்கோலப் போரில் யானை மேலேயே இறந்துபோனான் சோழ இளவரசன் ராஜாதித்தன். கூடச் சாகாமல் போனோமே என்ற வேதனையில் அவனுடைய நண்பர் ஒருவர் துறவியாகி, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் ஆனார். நாய்க்கு, ராஜாவுக்கு, தப்பிப் பிழைத்த குற்றவுணர்ச்சிக்கு என்று மூன்று கோயில்கள் உங்கள் கதையில் இருந்தால் போதும், பன்னிரண்டு தெய்வங்களின் பட்டியல் தேவையில்லை.

மொழி பற்றிக் கொஞ்சம். ‘மன்னா, தங்கள் சித்தம் என் பாக்கியம்’ என்று எல்லோரும் பேசினால் யாரும் பேசுவதாகத் தெரியாது. சபையில் அப்படிப் பேசட்டும். குதிரை லாயத்தில் ‘இன்னாத்துக்குடா அங்க நின்னுக்கினு கீற’ என்று வரட்டும். ஆனால் ஒரு கண்டிப்பு: ‘கீது’ பேசுபவரைச் சிரிப்புக்கு மட்டும் வைக்காதீர்கள், கதையின் கடைசி முடிவை எடுக்கும் ஆளுக்கு அந்தப் பேச்சைக் கொடுங்கள். நாயக்கர் வீட்டில் தெலுங்கு, கணக்கில் தமிழ், பாசறையில் தக்கினி உருது என்று மொழி மாறுவதே ஒரு சதிக்குப் போதும், மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லை மாற்றினால் ஆள் சாவார்.

உலகத்தின் பழங்கதையைச் சொல்ல வேண்டிய இடத்தில் பலரும் தடுமாறுவார்கள், ஐந்து பக்கம் வரலாறு எழுதிவிடுவார்கள். தெருக்கூத்துப் பாருங்கள். கட்டியங்காரன் வந்து, ‘நீங்க யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தீங்க’ என்று ராஜாவையே கேட்பான். ராஜா பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தத் துணிச்சலோடு கேள்வி கேட்கும் ஒரு ஆளைக் கதைக்குள் வையுங்கள், கேள்விக்குப் பதிலாக வரும் வரலாறு சலிக்காது.

கடைசியாக ஒரு வேலை. வைகாசி 1ஆம் தேதி குடியாத்தம் போங்கள், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு. விடியற்காலையிலேயே போய்விடுங்கள். அம்மனுடைய தலை, தலை மட்டும், தெருத்தெருவாக ஊர்வலம் வரும், கடைசியில் கோயிலில் உடலோடு பொருத்துவார்கள். வழியெல்லாம் தேங்காய் உடையும், காலுக்கடியில் சிரட்டைச் சில்லு குத்தும், அதனால் நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். சிரசைப் பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள், அதை எல்லோரும் பார்ப்பார்கள். யார் சுமக்கிறார்கள், யார் வழி விடச் சொல்கிறார்கள், யார் சொன்னால் நிற்கிறது, போலீஸ்காரர் யாரைப் பார்த்துக் கை கூப்புகிறார், மாலை எந்த வீட்டு வாசலில் ஏறுகிறது, எந்த வாசலைத் தாண்டிப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தத் தாண்டிப் போன வாசலில் நின்றிருந்தவரின் முகத்தை எழுதத் தொடங்குங்கள்.